கேக் பேசிய பேச்சு

இன்று வாயைத் திறப்பதே இல்லை என்று முடிவெடுத்தேன்.

நாளை நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் என் முனைவர் பட்டத் தேர்வு. கஞ்சாவில் உள்ள பொருட்கள் மூளை நரம்புகளிடம் என்ன சொல்கின்றன என்பதுதான் ஆய்வு. முதலில், வந்திருக்கும் குடும்பத்தாருக்குப் புரியும்படி பத்து நிமிடம் பேச வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி பார்த்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் மாடும் பாலும். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தாலே எங்காவது ஓடி ஒளியத் தோன்றுகிறது.

"இன்னிக்கு அம்மா பிறந்தநாள். எல்லாரும் இருப்பாங்க. அங்கயே ஒரு தடவை பேசிப் பாத்துடு, யோரிட்" என்றாள் என் மனைவி ஹில்கா.

மாமியார் வீட்டில் வழக்கம்போல் நாற்காலிகள் வட்டமாக. உட்கார்ந்தால் தப்ப முடியாது. காபி, ஆளுக்கு ஒரே துண்டு ஆப்பிள் கேக். பேசாமல் தப்பிக்க யோசித்து வைத்திருந்த பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

"ஹில்கா, மோசம் போயிட்டேன். வர்ற வழியில ஃபிரெண்டு குடுத்த கேக்கைத் தின்னேன். அது கஞ்சா கேக்காம். தலை சுத்துது. பேச முடியாது."

"எல்லாரும் கேளுங்க! இவன் கஞ்சா கேக் தின்னுட்டானாம்! பாவம், மூளையில ஓட்டை விழுந்துடும்" என்று ஹில்கா கூவினாள்.

"ஓட்டையா? யாரு சொன்னா?"

"பின்ன, என்ன பண்ணும்?"

"பேசற நரம்புக்கு, கேக்கற நரம்பு 'போதும்பா'ன்னு ஒரு சேதி அனுப்பும். அதை வாங்கற காதுதான் ஏற்பி. கஞ்சாவுல போதை ஏத்தற டிஹெச்சி அந்தக் காதுல போய் உக்காந்து, யாரும் சொல்லாமலே 'போதும், போதும்'னு சொல்லும்."

"கஞ்சாவுல இருக்கற இன்னொரு பொருள், அந்த சிபிடியும் அதே காதுலதானே உக்காரும்?"

பொய்யை என்னால் தாங்க முடியும். பிழையைத் தாங்க முடியாது.

"இல்லவே இல்ல! அது பக்கத்துல ஒட்டிக்கிட்டு, அந்தக் காதைக் கொஞ்சம் மந்தமாக்கும். டிஹெச்சி கத்தினாலும் பாதிதான் கேக்கும்!"

"ஓகோ. தின்னா உடனே ஏறிடும், இல்ல?"

"தப்பு! வயிறு, கல்லீரல், அப்புறம்தான் மூளை..."

மூச்சு வாங்கியபோதுதான் கவனித்தேன். வட்டத்தின் நடுவில், கையில் முள்கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஓடத் தோன்றவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஹில்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம். கச்சிதம். ஆமா, தலை சுத்துதுன்னியே?"

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள எவ்வளவு நல்லா பேசறாரு! ஹில்கா, நாளைக்கும் அந்தக் கேக்கையே குடுத்து அனுப்பு."