கண்ணில் பட்டதுக்கு ஒரு சிவப்பு நூல்

ஆரணி,
14.6.2001

தெள்ளாரில் பாசத்தோடும் பிரம்போடும் வீற்றிருக்கும் என் உடன்பிறந்த அக்கா ஜெயம் அவர்களின் சமுகத்துக்கு, தம்பி தணிகாசலம் தறிக்குழியிலிருந்து எழுந்து நின்று வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், கீதா, லாவண்யா, தறி ஆகிய நால்வரும் சுகம். அங்கே உன் சுகத்தையும், மாமாவின் முழங்கால் இப்போது மடங்குகிறதா என்பதையும், சினையாக இருந்த மாடு என்ன கன்று போட்டது என்பதையும் மறு தபாலில் தெரியப்படுத்தவும்.

நிற்க. பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது வெல்லம் எடுக்கப் பரண் கதவைத் திறந்ததும், உன் தலைமேல் நான்கு குடைகளும், உள்ளங்கால் உருட்டும் கட்டையும், கேரட்டைப் பூப்பூவாக வெட்டும் மிஷினும் வரிசையாக விழுந்ததை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய், நெற்றி வீங்கிவிட்டதே. "இதெல்லாம் இன்னாத்துக்குடா?" என்று நீ கேட்டதற்கு, "கண்ணுல பட்டுச்சி, வாங்கினேன்" என்று நான் சொன்னது தப்புதான். ஆனால் அக்கா, அதுதான் உண்மை. எனக்கு ஒரு சாமான் வேண்டும் என்று முதலில் தோன்றுவதே இல்லை. அது கண்ணில் படும், கை பைக்குள் போகும், அதற்குப் பிறகுதான் அது எதற்கு என்று யோசனை வரும். அன்றைக்கு நீ, "லாவண்யா வாத்தியார் படிப்புக்குப் போவணும்னு சொல்லுது. ஜூன்ல ஒம்போதாயிரம் கட்டணும். அப்ப நாலு கொடையத் தூக்கிகினு போயி கட்டுவியா?" என்று கேட்டுவிட்டுக் கரும்பைக்கூடக் கடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய். லாவண்யா அப்போது அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தது. விழுந்த குடைகளை அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பரணில் வைத்ததுதான் எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

அதன்பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் கீதா பணத்தை ஒளித்து வைத்துப் பார்த்தாள். அரிசி டின்னில் வைத்தாள், நான் கண்டுபிடித்தேன். உளுத்தம்பருப்பு டின்னில் வைத்தாள், கண்டுபிடித்தேன். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள், அன்றைக்கு எனக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. நான் தேடிப் போவதில்லை அக்கா, பணம்தான் என்னைக் கூப்பிடுகிறது. கடைசியில் ஒருநாள் நான் நெய்துகொண்டிருக்கும்போது கீதா வந்து தறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தச் சேலைக் கூலியில் பாதியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, நெய்த பட்டின்மேல் பட்டையாக வைத்து, "ஒரு சுத்து சுத்துங்க" என்றாள். சுற்றினேன். பணம் உள்ளே போய்விட்டது.

நீ தறி வீட்டில் பிறந்தவள்தான், ஆனால் கடலைக்காட்டுக்கு வாக்கப்பட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறதே, அதனால் ஞாபகப்படுத்துகிறேன். நெய்ய நெய்யப் பட்டு என் வயிற்றுக்கு முன்னால் இருக்கும் உருளையில் சுற்றிக்கொண்டே போகும். சேலை முடிந்து அறுக்கும்வரை அதை அவிழ்க்க முடியாது. அவிழ்த்தால் இழுவை போகும், சுருக்கம் விழும், முதலாளி கூலியில் கை வைப்பார். பாதிச் சேலையில் கத்தி வைக்க எந்த நெசவாளிக்கும் மனசு வராது. ஆக, பத்து நாளைக்கு அந்தப் பணம் என் வயிற்றை இடித்துக்கொண்டு இருக்கும், ஆனால் என் கைக்கு வராது. பேங்க்குக்காரர்கள்கூட இப்படி ஒரு பெட்டியைச் செய்ததில்லை.

கீதா அதோடு விடவில்லை. "எதுனா வாங்கணும்னு தோணிச்சின்னா வாயத் தொறக்காதீங்க. கரையில ஒரு சிவப்பு நூல செருகிட்டு நெய்ங்க, அப்புறமா உருவிக்கலாம். சேல அறுத்தப்புறம் அந்த ஆச இருந்திச்சின்னா பேசலாம்" என்று சொல்லிவிட்டாள்.

இத்துடன் முதல் இன்லேண்டு முடிகிறது. இரண்டாவதைப் பிரிக்கிறேன். காகிதத்தைப் பற்றி நீ கவலைப்படாதே, கைவசம் இருக்கிறது.

முதல் சேலை பெரும் பேஜாராகப் போயிற்று. தவணைச் சாமான் விற்கும் ராஜவேலு சைக்கிளில் ஒரு கடிகாரம் கொண்டுவந்தான். மணியை வாயால் சொல்லும் கடிகாரம் அக்கா, அதுவும் பெண் குரலில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிவப்பு நூலைச் செருகினேன். ஐந்தாம் நாள் அதே கடிகாரத்தை எதிர்வீட்டுப் பொன்னுசாமி வாங்கினார். அது அவர் வீட்டில் எந்நேரமும் பதினோரு மணி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தாலும் பதினொன்று, விளக்கு வைத்தாலும் பதினொன்று. அவர் ஒரு துணியைப் போட்டு அதை மூடியதை நான் தறியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். வாங்காத சாமானால் இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று எனக்கு நாற்பத்தாறு வயதுவரை யாருமே சொல்லவில்லை. சேலை அறுத்து விரித்துப் பார்த்தபோது கரையில் ஏழு சிவப்பு நூல் இருந்தது. அதில் நாலு நூல் எதற்காக என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகமே வரவில்லை.

ஆபத்து ஒன்றே ஒன்றுதான். சேலையை அறுத்து, பணத்தை எடுத்து, புதுக் கூலியையும் சேர்த்து அடுத்த சேலையில் வைத்துச் சுற்றுவதற்குள் இரண்டு மணி நேரம் பணம் வெளியில் இருக்கும். ராஜவேலு கெட்டிக்காரன், அதைக் கண்டுபிடித்துவிட்டான். என் தறிச் சத்தம் நின்றால் பணம் வெளியில் இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்ற கால்மணியில் தெரு முனையில் அவன் சைக்கிள் மணி கேட்கும். இரண்டு தடவை இப்படி நடந்த பிறகு, கீதா லாவண்யாவைக் குழிக்குள் இறக்கி, வெறும் தறியில் பலகையை மட்டும் மிதித்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். தெருவுக்கு நான் நெய்துகொண்டே இருக்கிறேன். ராஜவேலு எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறான். நான் கதவிடுக்கில் நின்று அவன் கேரியரில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். கீதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இப்படியே பொங்கலிலிருந்து வைகாசி வரைக்கும் சேலை சேலையாகப் பணம் இடம் மாறி வளர்ந்தது. அந்தக் கடைசிச் சேலையில்தான் நான் சிறைக்குப் போகப் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி சுப்பராயலு திடீரென்று வந்தார். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குச் சேலை அவசரமாக வேண்டுமாம், எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர் உருளையைத் தடவினார். பணக்கட்டு புடைத்துக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறிப்போயிற்று. அவர் நிறுத்துக் கொடுக்கும் பட்டும் ஜரிகையும்தான் எங்கள் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். போன மாசம்தான் வேறொரு தெருவில் ஒருவர் ஜரிகைக் கட்டை ஒளித்து மாட்டிக்கொண்டார். அவருக்கு இன்றுவரை எந்த முதலாளியும் நெய்யப் பாவு நூல் கொடுக்கவில்லை.

"உள்ள இன்னாய்யா வெச்சிகிற?" என்றார்.

"துட்டுங்க முதலாளி" என்றேன்.

"பட்டுல எவனாச்சும் துட்ட வெச்சி சுத்துவானா? கத விடாத. அறு, பாக்கலாம்."

"இன்னும் ஒரு மொழம் கீதுங்களே."

அவருக்கும் அறுக்க மனசில்லை, கல்யாணச் சேலை ஆயிற்றே. "நெய்யி. முடியறவரைக்கும் நான் இங்கியே குந்திகினு கீறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பேர் போய்விட்டால் தறி போய்விடும், தறி போய்விட்டால் லாவண்யாவுக்குப் படிப்பு ஏது. குறுக்கே ஓடும் ஊடை நூலை இரண்டு தடவை தப்பாகப் போட்டு அவர் பார்க்காதபோது பிரித்துப் போட்டேன்.

மூன்றாவது இன்லேண்டு. இதுவும் கைவசம் இருந்ததுதான்.

நண்பகல் ஆயிற்று. கீதா அவருக்குச் சாப்பாடு போட்டாள். இலையில் கேரட் பூப்பூவாக வந்து உட்கார்ந்தது. அந்த மிஷினுக்கு அன்றைக்குத்தான் முதல் வேலை. "ஓட்டல்லகூட இப்பிடி வெக்கமாட்டானுங்க" என்று முதலாளி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குக் கால் மரத்துப்போனது. லாவண்யா பரணிலிருந்து உருட்டுக்கட்டையைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டது. அவர் அதன்மேல் பாதத்தை வைத்து உருட்டிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நாலரை மணிக்குச் சேலை முடிந்தது. அறுத்து விரித்தேன். முதலில் வந்தது சிவப்பு நூல்.

"இது இன்னாய்யா?"

"அது ஒரு தண்ணி வடிகட்டி, முதலாளி."

"இது?"

"அது தலைகாணி மாதிரி ஊதிக்கிறது. பஸ்ல போவறப்ப கழுத்துக்கு."

"நீதான் பஸ்லயே போவறதில்லயே?"

"அதான் நூலோட வுட்டுட்டேன்."

அவர் குனிந்து அடுத்த நூலைத் தொட்டபோது உள்ளேயிருந்து பிளாஸ்டிக் கவர் அவர் மடியில் விழுந்தது. பிரித்துப் பார்த்தார். ஒரு இழை ஜரிகைகூட இல்லை, எல்லாம் நோட்டு. கீதா எல்லாக் கதையையும் சொன்னாள். தெள்ளார் நாத்தனார் கரும்பு கடிக்காமல் போனதுவரைக்கும் சொல்லிவிட்டாள், மன்னித்துக்கொள். முதலாளி கவரைப் பழையபடி மடித்துக் கொடுத்தார். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எம்மேல தப்புதான், மனசுல வெச்சிக்காத. எங்க ஊட்ல இந்த நூல செருகினா பொடவையே தெரியாதுய்யா. நேத்துதான் மூணாவது கேமரா வாங்கினேன். போட்டோ புடிக்கவே தெரியாது எனக்கு. எம்பொண்டாட்டி பல்லு வெளக்கறப்பகூட பீரோ சாவிய இடுப்புலயே வெச்சிகினு கீது." பையிலிருந்து ஐந்தாயிரம் எடுத்து என் கையில் வைத்தார். "அடுத்த சேலைல இத வெச்சி சுத்து. நானே வந்து கேட்டாலும் அறுக்காத."

போகும்போது நல்ல மழை. நான்கு குடையில் ஒன்றை விரித்துக் கொடுத்து அனுப்பினேன்.

முந்தாநாள் அவரே வந்து, "ஒரு ஆயிரம் மட்டும் உருவிக் குடுய்யா, ஜல்தியா, வண்டி நிக்குது" என்றார். "சேல முடியலீங்க முதலாளி" என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு சிவப்பு நூலை அவர் கையாலேயே செருகிவிட்டுப் போனார். முதலாளிக்கு இல்லை என்று சொல்லும் சுகம் இந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

ஆகவே அக்கா, உன் தம்பி திருந்திவிட்டான். ஒன்பதாயிரமும் முழுசாக, சுருக்கம்கூட இல்லாமல், கீதாவின் முந்தானையில் இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் லாவண்யாவும் வேலூர் போய்ப் பணத்தைக் கட்டிச் சேர்த்துவிட்டு வருகிறோம். நேற்று அது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, நீ கட்டமாட்டியோன்னு பயந்துகினு இருந்தேன்" என்றது. நான் ஊடை நூல் ஓட்டும் நாடாவை எடுத்துத் தள்ளினேன். அடுத்த பொங்கலுக்கு நீ வரவேண்டும், கரும்பை நானே கணு வெட்டித் தருவேன். பரணைத் தைரியமாகத் திறக்கலாம், மூன்று குடைதான் இருக்கிறது. மாமாவின் நல்ல காலுக்கும் வலிக்கிற காலுக்கும் என் நமஸ்காரம். கன்றுக்கு லாவண்யாவின் முத்தம். உன் கோபத்துக்குக் கீதாவின் நன்றி.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி
தணிகாசலம்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் ஏன் மூன்று இன்லேண்டில் வருகிறது என்று நீ கேட்பாய். இன்று காலை உனக்கு எழுத ஒரே ஒரு இன்லேண்டு வாங்கத்தான் தபாலாபீசுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் நாளை முதல் விலை ஏறப்போகிறது என்று சொன்னார். நீல நிறத்தில் அடுக்கி வைத்திருந்தது வேறு கண்ணில் பட்டது. நூறு வாங்கிவிட்டேன். கையில் இருந்த இருநூறும் போயிற்று. அது நாளைய பஸ் செலவுக்குக் கீதா கொடுத்து வைத்திருந்தது. ஒன்பதாயிரத்தில் கை வைக்க முடியாது, முதலாளி பணமோ பட்டுக்குள் இருக்கிறது. கீதா என்னைப் பார்த்த பார்வையை எழுத இன்லேண்டு போதாது. அதற்குள் லாவண்யா அந்த இன்லேண்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, "நாளிக்கு வெல ஏறுதாம்" என்று வீடு வீடாகச் சொல்லி, அறுபது இன்லேண்டை விற்றுவிட்டு இப்போதுதான் திரும்பி வருகிறது. பஸ் செலவு தேறிவிட்டது. வாத்தியாராகிப் பிள்ளைகளை நன்றாகவே சமாளிக்கும். ஆனால் தலையில் புதிதாக ஒரு பட்டாம்பூச்சி கிளிப் மின்னுகிறது. "இது இன்னாத்துக்குமா?" என்று கேட்டேன். "வர்ற வழியில கண்ணுல பட்டுச்சிப்பா" என்கிறது. கீதா உள்ளே போய்ச் சிவப்பு நூல் கண்டை எடுத்துக்கொண்டு வருகிறாள். நான் இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.