ஆற்றோடு போன மூன்றாவது பந்து

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். எனக்கு அத்தனை தேவைப்படவில்லை. ஒரேயொரு பொய்தான் சொன்னேன். எனக்குப் பேசியிருந்த சாந்திக்குச் சுவிஸிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எழுதிய கடிதத்தில், பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் நான்தான் ஆரம்பத் துடுப்பாட்டக்காரன் என்று எழுதிவிட்டேன். உண்மையில் நான் பன்னிரண்டாவது ஆள். மற்றவர்கள் களைத்தால் தண்ணீர் கொண்டு ஓடுவேன். (அதிலும் ஒருமுறை மைதானத்தின் நடுவில் தடுக்கி விழுந்திருக்கிறேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் சாந்தி நான் இருந்த ஆரா நகருக்கு வந்து சேர்ந்தாள். அப்போது நான் ஆரே ஆற்றங்கரையில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ரேமண்ட் அங்கேதான் இருந்தார். அமெரிக்கர். சுவிஸ் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கி, மனைவி இறந்த பிறகு தனித்துப்போனவர். வெண்ணெய், ரொட்டி கேட்பதற்கு மேல் அவருக்கு ஜெர்மன் வராது. எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்று தெரிந்த அன்றே என்னைப் பிடித்துக்கொண்டார்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஏதோ ஒரு சின்ன ஊர் அணிக்காக, ஒரே ஒரு பருவம் அவர் சம்பளத்துக்குப் பேஸ்போல் விளையாடியிருந்தார். பந்து எறிவது அவர் வேலை. ஒரு கோடைகாலத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நாற்பது வருடம் கதைக்கலாம் என்பதை அவரிடம்தான் கண்டேன். அணியின் பஸ் பழுதாகி, வீரர்களே அதைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் போய், அந்தக் களைப்போடு ஆடி வென்ற நாள். அடித்த பந்து ரொட்டிக்கார லொறிக்குள் விழுந்து அடுத்த ஊருக்குப் போய்விட்ட நாள். கத்திய கத்தலில் நடுவரின் பொய்ப்பல் புல்லில் விழுந்து, இரண்டு அணிகளும் குனிந்து தேடிய நாள். எல்லாவற்றுக்கும் மேலே கடைசி ஆட்டம். எதிரே நின்றவன் பந்தை நொறுக்குவதில் பேர்போனவன். ரேமண்ட் மூன்று பந்து எறிந்தார். அவன் மூன்று முறை வீசினான். ஒன்றிலும் தொடவில்லை. பேஸ்போலில் மூன்று தவறினால் ஆள் அவுட். அணி முழுவதும் கையெழுத்துப் போட்ட அந்தப் பந்து, ஒரு கம்பளிக் காலுறைக்குள் அவருடைய அலுமாரியில் இருந்தது.

நான் ஜெர்மனில் எடுத்துச் சொல்லியும் இதை இல்லத்தில் ஒருவரும் நம்பவில்லை. "ஹெர் ரேமண்டுக்கு நல்ல கற்பனை" என்று நிர்வாகி ஃபிராவ் கெல்லர் அன்பாகச் சொல்வார். அந்த அன்புதான் கிழவரைச் சுட்டது.

எழுபதாவது பிறந்தநாள் வந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். தோட்டத்தில், எல்லோரும் பார்க்க, அந்த மூன்று பந்துகளையும் இன்னொரு முறை எறிய வேண்டும்.

"உனக்குப் பேஸ்போல் தெரியும்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்கள் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பிதானே அது" என்றேன். (பாதி விதிகூட எனக்குத் தெரியாது.)

"நீ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். மூன்று தடவை வீசு. மூன்று தடவையும் தவறவிடு. அவ்வளவுதான்."

இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் ஐரோப்பாவிலேயே இருந்திருக்க மாட்டான்.

பேஸ்போல் மட்டை கிடைக்கவில்லை. லண்டனிலிருந்து ஒரு உறவினர் கொண்டுவந்து தந்த என் கிரிக்கெட் மட்டையைக் கொண்டுபோனேன். ரேமண்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில்தானே பேக்கரியில் ரொட்டி எடுப்பார்கள்?" என்றார். பந்தை அவர் வெளியே தேடவில்லை. காலுறைக்குள் இருந்ததையே எடுத்தார்.

"வேறு பந்து வாங்கலாமே?" என்றேன்.

"நீ தொடப்போவதில்லையே, பிறகென்ன பயம்?" என்றார்.

முதியவர்கள் கம்பளி போர்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் பந்தைத் தடுக்க ஒரு மெத்தையை நிறுத்தியிருந்தோம். முதல் பந்து வந்தது. வீசினேன், தவறவிட்டேன். கைதட்டல். இரண்டாவது சீறிக்கொண்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் தவறவிட நான் நடிக்கத் தேவையே இருக்கவில்லை. "அப்படியென்றால் இவர் உண்மையிலேயே விளையாடியிருக்கிறார்!" என்று ஃபிராவ் கெல்லர் எழுந்து நின்றார். ரேமண்டின் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது.

பிறந்தநாளுக்குப் பொரித்த ரோல்ஸ் தட்டோடு சாந்தி வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். எங்கள் ஏற்பாடு அவளுக்குத் தெரியாது. (சொல்லியிருக்கலாம். சொன்னால் கடிதத்துப் பொய்யைப் பற்றியும் கதை வரும் என்று விட்டுவிட்டேன்.)

"என்னப்பா, ஒண்டைத்தன்னும் அடிக்க ஏலாதோ?" என்றாள், தோட்டம் முழுக்கக் கேட்க. "ஆரம்பத் துடுப்பாட்டக்காரன் எண்டெல்லோ எழுதினனீங்கள்?"

தமிழ் அங்கே வேறு யாருக்கும் புரியாது. எனக்குப் புரிந்ததே போதுமாக இருந்தது.

கிழவரின் கை களைத்திருந்தது. மூன்றாவது பந்து மெதுவாக, இடுப்பளவு உயரத்தில், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட நாட்களில் எனக்கு இப்படி ஒரு பந்து வந்ததேயில்லை. தவறவிடு என்று மூளை சொன்னது. கை கேட்கவில்லை.

'டொக்' என்றது. என் வாழ்க்கையின் ஒரே சிக்ஸர் அது. வேலியைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, நேரே ஆரே ஆற்றுக்குள் போய் விழுந்தது.

அதோடு நின்றிருந்தாலும் மன்னிக்கலாம். எல்லைக்கோடு போடாத இடம், ஓடிவைப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது. மட்டையையும் தூக்கிக்கொண்டு ரேமண்ட் நின்ற இடத்துக்கு ஓடி, அவர் சப்பாத்துக்குப் பக்கத்தில் மட்டையால் நிலத்தைத் தொட்டு, திரும்பி ஓடிவந்தேன். இரண்டாவது ஓட்டத்தை முடித்துத் தலை நிமிர்ந்தபோதுதான் எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். ரேமண்ட் எறிந்த கையை இன்னும் இறக்கவில்லை.

சமையலறைக்குள் பாய்ந்து, நூடில்ஸ் வடிக்கிற நீளக்கைப்பிடி வடியைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக ஓடினேன். பந்து ஆற்றின் நடுவில் மிதந்து மிதந்து, ஒரு அவசரமும் இல்லாமல் என்னை முந்திப் போனது. வடி தண்ணீரைத்தான் வடித்தது. திரும்பி வந்தபோது, ஆற்றுக்குள் பொருள் விழுந்தால் நகரசபைக்கு அறிவிக்க வேண்டுமா என்று ஃபிராவ் கெல்லர் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"வடிவா அடிச்சனீங்கள்" என்றாள் சாந்தி. அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்கும் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஒரு வாரம் ரேமண்ட் தன் அறையிலேயே சாப்பிட்டார். தட்டை நான்தான் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார். எட்டாம் நாள் சாப்பாட்டு அறைக்கு வந்து, புதிதாகச் சேர்ந்திருந்த ஆங்கிலம் தெரிந்த ஒரு மூதாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தட்டுகளை அடுக்கியபடி காதைக் கொடுத்தேன். கடைசி ஆட்டம், எதிரே சிலோனிலிருந்து வந்த ஒரு பயங்கர ஆள், கையில் ரொட்டிப் பலகை, மூன்றாவது பந்தை ஆற்றுக்கு அடித்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் நான் பிறந்திருக்கவேயில்லை. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இதோ, இவன்தான்" என்று என்னைக் காட்டினார். "கேட்டுப் பாருங்கள், சாட்சிக்கு இல்லமே இருக்கிறது."

மூதாட்டி ஜெர்மனில் கேட்க, உண்மையிலேயே மேசையிலிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் கதையை எல்லோரும் நம்பினார்கள். நான் தட்டுகளோடு சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ரேமண்ட் போய்ப் பல வருடமாகிவிட்டது. ஆரே ரைன் நதியில் சேர்கிறது, ரைன் ஹொலண்டில் கடலில் விழுகிறது. சாந்தியின் தம்பி அங்கே ரொட்டர்டாமில் இருக்கிறான். பிள்ளைகளின் பிறந்தநாளோ, பொங்கலோ, அவன் தொலைபேசி எடுத்தால் முதல் பேச்சு அதுதான்.

"அத்தான், நேற்றும் கடற்கரைக்குப் போனனான். உங்கடை பந்து இன்னும் வந்து சேரேல்லை."

வீடே சிரிக்கும். "வடிவாப் பாத்தனியோ?" என்று நானும் கேட்பேன். பகிடிக்குத்தான் கேட்கிறேன் என்று அவன் நினைக்கிறான்.