கட்டடம் பிடிக்கிறவர்

வளைகுடாவில் ஒட்டகம் பார்த்திருப்பீர்கள், வல்லூறு பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை மதியம், தின்ற பிரியாணி செரிக்கும் முன்னே, உள்ளங்கை அளவு வீடியோ கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அண்ணாந்தபடியே நடைபாதையில் பின்னோக்கி நடந்து வரும் ஒருவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்தான் கட்டடம் பிடிக்கிறவர். விலகி நில்லுங்கள். அவர் உங்களைப் பார்க்க மாட்டார். உங்கள் காலை மிதித்த பிறகும் பார்க்க மாட்டார்.

இவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். வெறுங்கையோடு துபாயில் இறங்கி, ஏசி காற்று போகும் ‘டக்ட்’ என்கிற தகரக் குழாய் மாட்டுகிற வேலையில் கூலியாகச் சேர்ந்து, இன்றைக்கு அல் கூஸில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். என்ஜினியரிங் படித்த பிள்ளைகள் ஒரு கையெழுத்துக்காக என் மேசை முன்னால் நிற்கிறார்கள். இந்த ஊரில் நீங்கள் எங்கே போய்க் குளிர்ந்தாலும் அந்தக் காற்று என் குழாய் வழியாக வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே கட்டடமும் எனக்குத் தெரியும், அதைப் பிடிக்கிறவரையும் தெரியும். என் பட்டறையிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

பிடிக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். அடியில் தொடங்க வேண்டும். வாசற்படி, கண்ணாடிக் கதவு, முதல் மாடி, இரண்டாம் மாடி என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே மெல்ல மெல்ல மேலே போக வேண்டும். இடையில் எங்கும் நிற்கக் கூடாது. நின்றால் எண்ணிக்கை விட்டுப்போகும், விட்டுப்போனால் மறுபடி வாசற்படி. கழுத்து போதாமல் உச்சி தப்பிப்போனால் நடைபாதையில் மல்லாந்து படுத்துக்கொள்ளலாம். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து முதல் கால் மணி நேரம் இருட்டாகவே பதிந்திருக்கும். அந்த இருட்டை அழிப்பாரா? மாட்டார். அதில் அவர் எண்ணும் குரல் இருக்கிறது.

குறுக்கே மனிதர் வரக் கூடாது என்பது அடுத்த சட்டம். அறைத் தோழன் ஆசையாக வந்து முன்னால் நின்றால், “தள்ளு லே, கட்டடம் மறைக்குது” என்பார். அரசாங்க அலுவலகம், நீதிமன்றம், துறைமுகம், எதையும் விட மாட்டார். எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று பலகை மாட்டியிருப்பார்களே? மாட்டியிருப்பார்கள். அதையும் அடியிலிருந்து மேலே பிடித்துக்கொண்டு வருவார்.

கேசட் ஊருக்குப் போகிறவன் பெட்டியில், பால்பவுடர் டின்னுக்கும் தைல பாட்டிலுக்கும் நடுவில் பயணம் செய்யும். அங்கே வீட்டார் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். மூன்றாவது கட்டடத்தில் மாமனார் குறட்டை விடுவார். ஐந்தாவதில் பக்கத்து வீட்டுக்காரி அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்து எழுந்து போவாள். மனைவி மட்டும் கடைசி வரை பார்ப்பாள். என்னத்தைப் பார்ப்பாள்? ஏதாவது ஒரு கண்ணாடியில் புருஷன் நிழலாவது தெரிகிறதா என்று பார்ப்பாள்.

என் பட்டறை இன்பமணி இந்த இனத்துக்கே தலைவன். குளச்சல் பக்கத்துக்காரன். இவன் இங்கே வந்த பிறகு ஊரில் மகன் பிறந்தான், இவன் இன்னும் லீவில் போகவில்லை. இத்தனை கேசட் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அப்பா என்றால் கட்டடம். ஊர் தண்ணீர்த் தொட்டியைக் கண்டாலும் கைகாட்டி “அப்பா” என்கிறதாம். மனைவி ஷாஜினி போனில் சொல்லிவிட்டாள்.

“இஞ்ச எல்லாருக்கும் கட்டடம் பாத்து மடுத்துப்போச்சு. நீங்க வாறதுக்கு மின்ன ஒங்க மொகத்த ஒருக்கா புடிச்சு அனுப்புங்க. இல்லைன்னா புள்ள ஒங்களக் கண்டு அலறி ஓடும். பொறவு என்னச் சொல்லப்பிடாது.”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அடுத்த மாதம் இவனுக்கு லீவு. அதற்கு முன் ஊர் போகிற ஒருவன் கையில் கேசட்டைக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை புறப்பட்டான். சும்மா முகத்தைப் பிடித்தால் அழகா? தான் குழாய் மாட்டிய ஒரு பெரிய அரசாங்க அலுவலகத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, கேமராவை அறைத் தோழன் பெனிட்டோவிடம் கொடுத்தான். பெனிட்டோவுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே இன்பமணிதான்.

சற்று நேரத்தில் இன்பமணியிடமிருந்து எனக்குப் போன். “அண்ணாச்சி, போலீஸ் புடிச்சிற்று.”

நான் போனேன். எனக்கு அரபி எழுதத் தெரியாது. பேச ஆரம்பித்தால் அரபிகளே திரும்பிப் பார்ப்பார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, முன்னால் கேமரா, ஓரத்தில் இவர்கள் இரண்டு பேர். கேஸ் எழுதினால் லீவு போச்சு, விசாவும் கலாஸ். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: “இவர்கள் பிடித்தது கட்டடத்தை இல்லை. இவன் முகத்தை. ஊரில் மகன் பார்க்க வேண்டும் என்பதற்காக.”

அதிகாரி தலையாட்டிவிட்டுக் கேமராவின் குட்டித் திரையில் ஓடவிட்டார். ஷூ வந்தது. ஷூவின் கயிறு வந்தது. முழங்கால், பெல்ட், சட்டைப் பையில் பேனா. அப்புறம் பழுப்பாக என்னவோ ஒன்று விர்ரென்று போனது. அதற்கு மேல் கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி. பெனிட்டோவின் குரல், “பதினொண்ணு, பன்னெண்டு, லே அசையாத, பதிமூணு...” உச்சியில் கொடி. அதோடு விட்டானா? கொடியிலிருந்து இடது மூலை, அங்கிருந்து வலது மூலை என்று அந்தக் கட்டடம் முடிவதாகவே இல்லை.

“ஆத்மி கிதர்?” என்றார் அதிகாரி. ஆள் எங்கே என்கிறார்.

“மொகம் வந்துச்சே சார்” என்றான் பெனிட்டோ.

திருப்பி ஓடவிட்டார். அந்தப் பழுப்பு வந்த இடத்தில் நிறுத்தினார். பாதி மூக்கு, மூடிய ஒரு கண்.

இன்பமணி திரும்பினான். “எனக்க மூஞ்சி எங்கலே?”

“நீதானலே சொல்லித் தந்த, எடையில நிக்கப்பிடாதுன்னு.”

இதற்கு நான் என்ன வாதாடுவது? மகன், மகன் என்று அரபியில் இன்னொரு தடவை சொல்லி வைத்தேன்.

அதிகாரி இன்பமணியைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். பிள்ளைக்கு எத்தனை வயது என்று இந்தியில் கேட்டார். இன்பமணி விரல் காட்டினான். கட்டடத்தை அழித்தே ஆக வேண்டும் என்றார் அவர். கேசட்டில் அழிப்பது என்றால் அதன் மேல் வேறொன்றைப் பிடிக்க வேண்டும். வெறும் வெள்ளைச் சுவர் முன்னால் அவனை உட்கார வைத்து, கேசட்டைப் பின்னால் ஓட்டி, கேமராவை அவரே கையில் எடுத்தார். நெற்றியிலிருந்து தாடை வரை. வேறொன்றும் இல்லை.

“பேசு.”

“மக்கா... இது செவுரு.” இன்பமணி அண்ணாந்தான். “மேல தெரியுதுல்லா, அதான் டக்ட்டு...”

“மேலே பார்க்காதே. என்னைப் பார்.”

பார்க்க ஒரு கட்டடமும் இல்லை. அழிக்க வேண்டியதோ நிறைய இருந்தது. திணறிவிட்டு, கடைசியில் தெரிந்த முறையிலேயே ஆரம்பித்தான், அடியிலிருந்து.

“மக்கா, இது அப்பாக்க தாடை. இது வாயி. இது மூக்கு. ஒனக்கும் இதே மூக்குதானாம், அம்ம சொன்னா. இது கண்ணு. இது நெத்தி. இவ்வளவுதான் அப்பா.”

முடிந்ததும் அதிகாரி கேமராவை நீட்டினார். “யல்லா, போ.” கேஸ் இல்லை. என் அரபிதான் காரணம் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த மாதம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நடந்ததை ஷாஜினி போனில் சொன்னாள். கேசட் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளை அலறவில்லை. எதிரே வந்து நின்ற ஆளின் ஷூவைப் பார்த்ததாம். முழங்காலைப் பார்த்ததாம். பெல்ட், சட்டைப்பை என்று மெல்ல மெல்லத் தலையைத் தூக்கிக்கொண்டே போய், முகம் வந்ததும் நின்றுவிட்டதாம். கையை நீட்டி மூக்கைத் தொட்டதாம்.

போகட்டும், நீங்கள் சொல்லுங்கள். “கேமராவே இல்லாத ஆள் நான், எனக்கும் இதற்கும் என்ன” என்கிறீர்களா? இவ்வளவு நேரம் படித்தீர்கள். அந்த அரசாங்க அலுவலகம் எதுவாக இருக்கும், பதிமூன்றுக்கு மேல் இன்னும் எத்தனை மாடி என்று மனசுக்குள் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள்.

பிள்ளையின் பெயரைக் கேட்டீர்களா?