கோர்ட்டு வராந்தாவில் கேட்ட கேள்வி

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவன் நான். நாலாம் வகுப்பில் பாதி நாள் வாத்தியார் மழைக்குப் பயந்து மலை ஏறி வரவில்லை. ஆகவே மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்று எங்கே போட வேண்டும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சந்தேகம் வந்தால் போட்டுவிடுவேன். அதிகப்படியானவற்றை என் சின்ன மகள் பார்த்து எடுத்திருக்கிறாள். அப்படியும் பிழை மிச்சம் இருந்தால் அது என் சொந்தச் சம்பாத்தியம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பேசாதவன். தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷமாக நிற்கிறேன். அங்கே ஒருவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அதனால் என் தொண்டைக்கு அந்த இரண்டுதான் தெரியும். நடுவில் மனிதர்கள் பேசுகிற அளவு ஒன்று இருக்கிறதே, அது எனக்கு வரவில்லை. வீட்டில் போய்க் கத்த முடியுமா? சும்மா இருந்துவிடுவேன். (வேலையில் சேருவதற்கு முன்னும் நான் பேசியதில்லை என்று என் மனைவி சொல்கிறாள். மெஷின்மேல் பழி போடாதீர்கள் என்கிறாள்.)

இப்படிப்பட்டவனுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சந்தேகம் வந்தது. நான் கல்யாணம் ஆனவனா, இல்லையா?

வேலைக்காலம் முடிகிற அன்று, எஸ்டேட் தந்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். அரசாங்கம் கீழே இடமும் வீடும் தருகிறதாம், புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும் எழுதுவார்களாம் என்று கேள்விப்பட்டு, நானும் என் மனைவி கனியும் மூணாறில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த பெண் மலையாள ஃபாரத்தைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டு நிரப்பிக்கொண்டே வந்தாள். பேர், வயசு, பிள்ளைகள் எத்தனை என்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"உங்க ரெண்டு பேருக்குள்ள கோர்ட்டுல கேஸ் வல்லதும் உண்டா சேட்டா?"

நான் கனியைப் பார்த்தேன். கனி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

கேஸ் இருந்தது.

கல்யாணமான இரண்டாவது வருஷம் கனி கோபித்துக்கொண்டு போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு வக்கீலைப் பிடித்து விவாகரத்துக் கேட்டு மனுவும் போட்டுவிட்டார்கள். எனக்கு மலையாளத்தில் ஒரு பேப்பர் வந்தது. படிக்கத் தெரியாது, யாரிடமும் கேட்க வெட்கம். கோர்ட்டு முத்திரையும் எண்ணில் இருந்த தேதியும் மட்டும் புரிந்தன. அந்தத் தேதியில் மூணாறு போய், கோர்ட்டுக்குக் கீழே போகிற பஸ்ஸில் ஏறினேன். உள்ளே கனி உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு லீவு கிடைக்காமல் தனியாக வந்திருந்தாள். அவள் பக்கத்து சீட் மட்டும்தான் காலி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்ணே, சீட்டு கெடக்குல்ல, வழிய மறிக்காம உக்காருங்க" என்று கண்டக்டர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்.

பத்தாவது வளைவில் கனி வாந்தி எடுத்தாள். என் துண்டைக் கொடுத்தேன். அடுத்த வளைவில் தலையைப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில், அடிமாலியில் இறக்கி எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மூணு மாசம்" என்றாள்.

இந்த இடத்தில் எந்தப் புருஷனும் ஏதாவது சொல்லியிருப்பான். நான் எதிர்ப்பக்கம் போய், மூணாறு பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மலையாளப் பேப்பரை வைத்து அடுப்புப் பற்றவைத்துக் கனி டீ போட்டாள். அத்துடன் கேஸ் முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். கோர்ட்டுக்கு அந்தச் சேதியைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மூத்தவள் பிறந்தாள், சின்னவள் பிறந்தாள். பிள்ளைகளிடம் இதை நாங்கள் சொன்னதில்லை. எங்களுக்குள்ளும் பேசிக்கொண்டதில்லை.

ஃபாரத்தைப் பாதியிலேயே மடித்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் திரும்பினோம். எங்கள் ஜீப் டிரைவர் அந்தோணி அண்ணன் சட்டம் தெரிந்தவர். (அதாவது, அவர்மேல் மூன்று கேஸ் இருந்தது.)

"அண்ணே, டைவர்ஸ் கேசுக்கு யாருமே போகலேன்னா என்ன ஆவும்? ஒரு கூட்டாளி கேக்கச் சொன்னான்" என்றேன்.

"போகலேன்னா ஒருதலைப் பட்சமாத் தீர்ப்பு விழுந்துரும். அத்துவிட்டுருப்பான்" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஒனக்கு ஏதுவே கூட்டாளி?"

அன்று முழுக்கக் கனி சாப்பிடவில்லை. அடுத்த வாரம், கண் டெஸ்டுக்குப் போகிறோம் என்று மகள்களிடம் சொல்லிவிட்டு, ஒரு பையில் புளிசாதமும் இரண்டு அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு குடும்பக் கோர்ட்டுக்குப் புறப்பட்டோம். இந்த முறை பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அடிமாலி வந்தபோது இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டோம்.

கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சில் கனி உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போய்க் கேளுங்க. நான் போனா, கேஸப் போட்டுட்டு எங்கடி போனன்னு ஏசுவாக."

பழைய ஃபைல் பார்க்கிற ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். எனக்குப் பின்னால் நீளமான வரிசை. என் முறை வந்தது.

"நம்பர்?"

இதில் என் தப்பு என்ன என்று நீங்களே சொல்லுங்கள். எஸ்டேட்டில் யாரும் யாரையும் பேர் கேட்பதில்லை. காலையில் பேர் பதிகிற இடத்தில் நம்பர், சம்பளத்துக்கு நம்பர், ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க நம்பர். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் "நம்பர்?" என்றால் என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிடும்.

"இருநூத்திப் பதினாலு" என்றேன்.

"ஏது வருஷம்?"

அதை மூத்தவள் வயசை வைத்துக் கணக்குப்போட்டு வைத்திருந்தேன். சொன்னேன். அந்த அம்மா தடித்த ரெஜிஸ்டர் ஒன்றைப் புரட்டி, விரலை மேலிருந்து கீழே ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"ம். டைவர்ஸ் அனுவதிச்சிட்டுண்டு. காப்பி வேணும்னா இந்த ஃபாரம் பூரிப்பிச்சு, ஸ்டாம்பு ஒட்டி, ஊணு கழிஞ்சு வா."

ஊண் கழிந்து. சாப்பாடு முடிந்த பிறகு. அவருக்கு அது மத்தியானச் சாப்பாடு. எனக்கு முடிந்துபோனது இருபத்திரண்டு வருஷக் குடும்பம்.

வராந்தாவுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை.

"என்ன சொன்னாக?"

"குடுத்துட்டாங்களாம்."

"எதை?"

"டைவர்ஸ."

கனி ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது இந்தக் குடும்பத்தில் என் வேலை. அவள் அதை எடுத்துக்கொண்டதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் பையைத் திறந்து இலையைப் பிரித்தாள். எப்போதும் இரண்டு முட்டையையும் எனக்கே வைப்பவள், அன்று ஒன்றை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா யாரோ ஒரு ஆம்பளைக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்கேன்" என்றாள். "துணியும் தொவச்சிருக்கேன்."

சிரிக்கிறாள் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பில்லை.

வீடு போனால் போகட்டும் என்று தோன்றியது. லயத்தைக் காலி செய்தால் எங்காவது தகரம் போட்டு இருந்துகொள்ளலாம். ஆனால் இன்று சாயங்காலம் பஸ்ஸில் இவள் என்னோடு வருவது எந்த உறவில்? அதை இப்போதே கேட்டுவிட வேண்டும். வாயைத் திறந்தேன். எனக்குத்தான் இரண்டே அளவு என்று சொன்னேனே. சும்மா இருக்க முடியவில்லை. ஆகவே மற்றது வந்தது.

"கனீ! என்னையக் கட்டிக்கிடுதியா?"

உருட்டும் மெஷின் நாலும் ஒன்றாக ஓடும்போது, அந்தக் கோடியில் நிற்கிறவனுக்குக் கேட்கிற குரல் அது. அந்த வராந்தாவில் மெஷின் எதுவும் ஓடவில்லை.

எல்லோரும் திரும்பினார்கள். ஆளுக்கொரு தூணில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு இளம் ஜோடி, அன்று முதல்முறையாக ஒரே பக்கம் பார்த்தார்கள். ஒரு வக்கீல் பாதிச் சோற்றோடு வாசலுக்கு வந்து நின்றார். கேஸுக்குப் பேர் கூப்பிடுகிற ஆள் உள்ளேயிருந்து ஓடிவந்து, "ஆரா இவிடே விளிச்சது?" என்றார். அந்தக் கட்டடத்தில் சத்தம் போட்டுக் கூப்பிட அவருக்கு மட்டும்தான் உரிமை போலிருக்கிறது. தன் வேலைக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்கிற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். இடம் பத்தாது.

"மெதுவாத்தான் கேளுங்களேன்" என்றாள் கனி, முந்தானைக்குள்ளிருந்து.

"மெதுவா வரல."

"சோத்தத் தின்னுங்க. பெறகு பாக்கலாம்."

அப்புறம் தன் பக்கம் வைத்திருந்த முட்டையைப் பிட்டு, பாதியை என் இலையில் வைத்தாள்.

ஸ்டாம்பு விற்கிறவரிடம் ஃபாரத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு மறுபடி ஜன்னலுக்குப் போனேன். இந்த முறை கனியும் வந்து என் பின்னால் நின்றாள். அந்த அம்மா ஃபாரத்தைப் பார்த்தார், ரெஜிஸ்டரைப் பார்த்தார், மறுபடி ஃபாரத்தைப் பார்த்தார்.

"இது வேற ஆளுகளாணல்லோ. இருநூத்திப் பதினாலு ஆருடெ நம்பர்?"

"என் நம்பருங்கம்மா."

"எங்க?"

"எஸ்டேட்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணைத் தேய்த்தார். பிறகு, கேஸ் நம்பர் தெரியாவிட்டால் பேர் சொன்னாலே போதும், அதற்கென்று தனிப் புத்தகம் இருக்கிறது, அதைக் காலையிலேயே கேட்டிருக்கலாமே என்றார். என் பேரில் தேடினார். இல்லை.

"கேஸ் கொடுத்தது ஆரு?"

"நாந்தான்" என்றாள் கனி, ஏச்சு வாங்கத் தயாராக.

"அப்போ நிங்கள்டெ பேரில்லே உண்டாவுக." அவள் பேரில் தேடினார். மூன்றாவது பக்கத்தில் இருந்தது. ஆளை அனுப்பி ஃபைல் கட்டை எடுத்துவரச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து, நாடா கட்டிய மெல்லிய ஃபைல் ஒன்று தூசியோடு வந்தது. எங்கள் சண்டை மொத்தமே நாலு தாள்தான்.

கடைசித் தாளை அவர் படித்துத் தமிழில் சொன்னார். "ரெண்டு பேரும் வரல. அதனால கேஸ் தள்ளுபடி. டைவர்ஸ் ஒண்ணும் இல்ல. நிங்கள் இப்பவும் புருஷனும் பொண்டாட்டியும்தான்."

கனி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா சும்மா விட்டிருக்கலாம். முதல் தாளையும் புரட்டினார். "எதுக்கு டைவர்ஸ் கேட்டது? அடி இல்ல, குடி இல்ல... இதா. 'புருஷன் ஒண்ணும் பேசுறதில்ல.'" தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "இப்ப வராந்தயில கெடந்து அலறுனது இந்த ஆளல்லே?"

வரிசை மொத்தமும் சிரித்தது. கனியும் சிரித்தாள். இது நிஜமான சிரிப்பு.

காப்பி பிறகு கிடைத்தது. இடமும் கிடைத்தது. வீடு இப்போது ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் அன்று சேதி எங்களுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. வராந்தாவில் பக்கத்து எஸ்டேட் ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். மூணாறில் இறங்கினால், "மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் முன்சீட்டு" என்று அந்தோணி அண்ணன் துண்டால் சீட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். வீட்டில் இரண்டு மகள்களும் வாசலிலேயே, "அப்பா, கண் டெஸ்ட் எப்படி?" என்றார்கள்.

அன்றிலிருந்து நான் எதைக் கேட்டாலும், இன்னொரு டீ, கறிக்கு உப்பு, என் சட்டை எங்கே என்று எதைக் கேட்டாலும், மகள்கள் இருவரும் சேர்ந்து, "கனீ!" என்று ஃபேக்டரிக் குரலில் கத்துகிறார்கள். மூத்தவளைக் கட்டிய மருமகனும் இப்போது பழகிக்கொண்டான்.

கனி மட்டும் அன்று நான் கேட்டதற்கு இதுவரை பதில் சொல்லவில்லை. தேவையில்லையே, கல்யாணம்தான் இருக்கிறதே என்று நான் சொன்னால், "கேட்டது கேட்டதுதான். அடுத்த வாய்தாவுல சொல்லுதேன்" என்கிறாள். நானும் வாய்தாவுக்கு வாய்தா ஆஜராகிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மனுவுக்கு என் தரப்பில் எழுத்துமூலம் பதில் கொடுக்க வேண்டும் என்று அடுப்பில் எரிந்த அந்தப் பேப்பரில் இருந்ததாம். கோர்ட்டு அம்மாதான் சொன்னார். நான் கொடுக்கவில்லை. பேசத்தான் தெரியாது, எழுதவாவது செய்யலாம் என்று சின்னவள் இந்த நோட்டை வாங்கித் தந்தாள். ஆகவே கனி, இதுதான் என் பதில். கொஞ்சம் தாமதம். நீ எழுதியது அத்தனையும் உண்மை. ஆட்சேபனை எதுவும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.