மெக்சிகோவில் பம்புசெட்டுக் கண்காட்சி

"மெக்சிகோவா?" என்றாள் சாந்தாமணி. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது.

"ஆமா அம்மணி. மெக்சிகோவேதான். பம்புசெட்டுக் கண்காட்சி" என்றார் கிருபாசங்கர். சொன்ன வேகத்தில் ஒரு வாய் காப்பியைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்புக் கடை வைத்திருப்பவர் அவர். கடையில் சொல்கிற பொய்யெல்லாம் பொய்க் கணக்கில் வராது, அது வியாபாரம். கட்டிய மனைவியிடம் ஐம்பத்திரண்டு வயதில் சொன்ன முதல் முழுப் பொய் இதுதான். பழக்கமில்லாத கை பாம்பைப் பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவர் முகம்.

உண்மை வேறு. போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு மாசம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பொழுது போகாமல் செல்போனைத் தடவியபோது, மெக்சிகோ கடலில் மீன் பிடிக்கிற வீடியோ ஒன்று வந்தது. விசைப்படகில் நாற்காலி. அதில் பெல்ட் போட்டு ஓர் ஆள். தூண்டில் வளைகிறது, ஆள் பல்லைக் கடிக்கிறான், தூரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மயில்மீன் முதுகுத் தோகையை விரித்துக்கொண்டு தண்ணீரை விட்டு எகிறுகிறது! கிருபாசங்கர் இடுப்பு வலியை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

கடை, தோட்டம், மகள் தேஜஸ்ரீயின் படிப்பு, கல்யாணம், அவளை டல்லாஸுக்கு அனுப்பியது என்று எல்லாம் பார்த்தாயிற்று. தனக்கென்று அந்த மனுஷன் ஆசைப்பட்டது எதுவுமில்லை. இப்போது ஆசைப்பட்டார். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மயில்மீன். அதற்குள் இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டால் ஜென்மத்துக்கும் முடியாது என்ற பயம் வேறு.

ஆனால் இதை எந்த வாயால் வீட்டில் சொல்வது? அத்தனை பாடுபட்டுப் பிடித்த மீனைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். குழம்பு கூடக் கிடையாது. சாந்தாமணி சிரித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்னூரில் பம்பு வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் அவள் தம்பி காளிச்சாமியின் காதுக்குப் போனால் போச்சு, சொந்தபந்தமெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

அதனால்தான் கோட்டைமேட்டில் டிராவல்ஸ் நடத்தும் நசுருதீனிடம் கமுக்கமாக ஒரு டிக்கெட் போடச் சொன்னார். நசுருதீன் தாடியைச் சொறிந்துகொண்டு, "கிருபாண்ணா, ஊட்டுல அம்மணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் பண்ணலாமுங்களே" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"சொன்னா நான் எங்க பாய் போறது?" என்று அடக்கிவிட்டு வந்தவர்தான் இப்போது நாக்கைச் சுட்டுக்கொண்டு நிற்கிறார்.

"இப்ப எதுக்குங்க மெக்சிகோ? ஆவணி கழியட்டுமுங்க" என்றாள் சாந்தாமணி.

"ஆவணிக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்?"

"இல்லீங்க... வேண்டாமுங்க. நாஞ்சொல்றதக் கேளுங்க, இப்பப் போகாதீங்க."

காரணம் சொல்லாமல் மனைவி தடுத்தால் புருஷனுக்கு ரோஷம் வரத்தானே செய்யும்? பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய்யை எடுத்து நட்டார் கிருபாசங்கர்.

"நெம்பப் பெரிய கண்காட்சியாமா அம்மணி. உன்ற தம்பியக் கேட்டாக்கூடச் சொல்லுவான், பாத்துக்க!"

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான். சாந்தாமணி அந்த நிமிஷமே தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் காளிச்சாமியின் குரல் வீடெல்லாம் முழங்கியது.

"மெக்சிகோவுல பம்புக் கண்காட்சியாக்கா? எனக்கு ஒருத்தனும் சொல்லலையே! மாமா, இருங்க, நானும் வாரேன்! மூணு சாம்பிள் பம்பு கொண்டாரேன். ஒரு ஸ்டால் பிடிச்சுப்போடலாமுங்க!"

மறுநாள் காலை காளிச்சாமி மூன்று பம்புகளுக்கும் பெயின்ட் அடிக்கக் கொடுத்துவிட்டான். அடுத்த நாள் மெக்சிகோ மண்ணுக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று கேட்டான். மூன்றாம் நாள் கிருபாசங்கர் தாங்கமாட்டாமல் போனை எடுத்தார்.

"மாப்ள, கண்காட்சிய ரத்துப் பண்ணிப்போட்டாங்களாமா."

"அடக் கொடுமையே! டிக்கெட்டு?"

"அது திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாமா. அதனால நான் மட்டும் சும்மா ஒரு நடை போயிட்டு..."

"சும்மாவா? மாமா, நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் மாட்டேனும்பேனா? டூராப் போட்டறலாமுங்க! அக்காளும் மெக்சிகோவ எங்க பாத்திருக்கு? நானு, என்ற சம்சாரம், ஆத்தா, எல்லாரும் போலாமுங்க!"

கிருபாசங்கர் அவசரத்துக்கு ஒரு தடையைத் தேடிப் பிடித்தார். "அங்க சோறே கெடைக்காது மாப்ள. மூணு வேளையும் சோளரொட்டிதான். உங்க ஆத்தாளுக்கு ஒத்துக்குமா?"

தடை வேலை செய்துவிட்டது என்று கிருபாசங்கர் மூச்சுவிட்டார்.

"அதுக்கென்னுங்க மாமா, சமையல் மாஸ்டரக் கூட்டிட்டுப் போலாம்!"

கோயமுத்தூர்க்காரர்கள் காசிக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் சமையல் மாஸ்டர் கூடவே போவார் என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனார் பாருங்கள், அங்கேதான் மனுஷன் முழுசாக மாட்டிக்கொண்டார். அஞ்சு பேருக்காக ஒரு மாஸ்டரைக் கூட்டிப்போனால் கட்டுபடியாகாது. மாஸ்டருக்காக ஆள் சேர்க்க வேண்டியதாயிற்று. ஈரோட்டுச் சித்தப்பா குடும்பம் சேர்ந்தது. தாராபுரத்துச் சம்பந்தி வீடு சேர்ந்தது. அவர்களைக் கூப்பிட்டுவிட்டு இவர்களை விட்டால் மனஸ்தாபம் என்று உடுமலைப்பேட்டைப் பங்காளிகளும் சேர்ந்தார்கள். எல்லோரும் அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போனவர்கள். அந்த அமெரிக்க விசாவை வைத்துக்கொண்டே மெக்சிகோவுக்குள் போகலாம் என்று நசுருதீன் வாய்தவறிச் சொன்னதும், வரமாட்டேன் என்று சொல்ல ஒருவரிடமும் காரணம் இல்லை.

"கடற்கரை ஓட்டல்ல மூணு வேளையும் சாப்பாடு அவங்களே போடறாங்க. எத்தன வேணும்னாலும் சாப்பிடலாமுங்க" என்றார் நசுருதீன்.

"அதுல ரசம் உண்டான்னு கேளுங்க பாய்" என்றான் காளிச்சாமி.

கேட்டார்கள். ரசம் இல்லை. மாஸ்டர் உறுதியானார்.

இத்தனைக்கும் நடுவில் கிருபாசங்கர் நம்பிக்கையை விடவில்லை. ஒரு காலைப்பொழுது கிடைத்தால் போதாதா? இவர்களைக் கடைவீதிக்கு அனுப்பிவிட்டுப் படகேறிவிடலாம். நசுருதீனைத் தனியாகப் பிடித்து, மூன்றாம் நாள் காலையில் மட்டும் தன் மீன்படகை அப்படியே வைத்திருக்கச் சொன்னார்.

"வெக்கறேனுங்க. ஆனா கிருபாண்ணா, இப்பவாச்சும் அம்மணிகிட்ட..."

"பாய்!"

"செரிங்க, செரிங்க."

ஞாயிற்றுக்கிழமை மொத்தச் சொந்தமும் கிருபாசங்கர் வீட்டு ஹாலில் கூடியது. நசுருதீன் எழுந்து நின்று பயணத் திட்டத்தை வாசித்தார். பாவம், வாசிக்கிற ஜோரில் அவரையும் மீறி வந்துவிட்டது. "மூணாம் நாள் காலையில, படகுல போயி மீன் பிடித்தல்..."

எல்லோரும் திரும்பி நசுருதீனைப் பார்த்தார்கள்.

"ஆருக்கு மீனு?" என்றார் மாமியார் சுப்பாத்தாள்.

நசுருதீன் கையிலிருந்த தாளால் விசிறிக்கொண்டார். "அது... பிடிச்சுத் திருப்பிக் கடல்லயே விட்டுடுவாங்கம்மா."

அவ்வளவுதான். காளிச்சாமி சோபாவிலிருந்து சரிந்து தரைக்கே வந்துவிட்டான். "புடிச்சு வுட்டுப்போடறதுக்கா இத்தன தூரம்? அதுக்கு எங்கூட்டுத் தொட்டியிலயே நாலு மீன வுட்டுப் புடிச்சுக்கலாமே! எவன்டா அந்தக் கிறுக்கன்?" ஈரோட்டுச் சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. காளிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "மாமா, நீங்களா சொன்னீங்க?"

அத்தனை கண்ணும் கிருபாசங்கர்மேல். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நாள் சிரித்துவிட்டு ஓய்ந்துபோவார்கள். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது சமயம் பார்த்துத்தான் தலையைத் தூக்கும்.

"நானா? எனக்கென்ன பைத்தியமா மாப்ள?" என்று அவர் போட்ட சத்தத்தில் டம்ளர்கள் அதிர்ந்தன. "மீன் புடிக்கறதாமா மீனு! வேலவெட்டி இல்லாதவன் பண்ற வேல! எனக்கு அந்தக் கருமத்தக் கண்டாலே ஆகாது. மொதல்ல அத அடிச்சுப்போடுங்க பாய்!"

நசுருதீன் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே அடித்தார்.

காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த சாந்தாமணி நிமிர்ந்தாள். "நெசமாலுமா சொல்றீங்க? உங்களுக்குப் புடிக்காதுங்களா?"

"பழனி முருகன் சத்தியமாப் புடிக்காது!"

முருகனையே இழுத்தபிறகு மேலே என்ன பேச்சு? சாந்தாமணி டம்ளர்களோடு உள்ளே போனாள். தப்பித்தோம் என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார் கிருபாசங்கர்.

தப்பிக்கவில்லை. அடுத்த வாரமே வாய்க்காலில் தண்ணீர் விடுகிற தேதியை அறிவித்தார்கள். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இந்தச் சொந்தக்காரர்கள் எல்லோருடைய தென்னந்தோப்புகளும் வரிசையாக இருக்கின்றன. பயணம் போகிற அதே வாரம் அவர்களுக்குத் தண்ணீர் முறை. சொந்தக்காரன் ஒருவனாவது நிற்காவிட்டால், பக்கத்துத் தோட்டத்துக்காரன் மடையைத் தன் பக்கம் மாற்றிக்கொள்வான். இந்தக் கோடையில் அந்தத் தண்ணீரும் போனால் தென்னை கருகிவிடும்.

"ஆராச்சும் ஒருத்தர் நின்னாகோணும்" என்றான் காளிச்சாமி.

எல்லோரும் யோசித்தார்கள். அதிக நேரம் யோசிக்கவில்லை.

"மாமாவுக்குத்தான் கடலும் ஆகாது, மீனும் ஆகாது. இடுப்பு வேற செரியில்ல. அத்தன மணிநேரம் ஏரோப்பிளேன்ல எப்படி உக்காந்திருப்பாரு?" என்றாள் காளிச்சாமியின் மனைவி, உண்மையான கரிசனத்தோடு.

கிருபாசங்கர் வாயைத் திறந்தார். மாட்டேன் என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் கொங்கு நாட்டில் பிறந்தவருக்கு, இத்தனை பெரியவர்கள் முன்னால் அந்தச் சொல் அதற்குமேல் ஏறாது.

"ஆகட்டுங்க" என்றார்.

"மனுசன்னா இவருதானுங்க!" என்று தாராபுரத்துச் சம்பந்தி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லாம நானெதுக்குங்க போகோணும்? நானும் இருந்துக்கறேன்" என்றாள் சாந்தாமணி. அவள் முகத்தில் களையே இல்லை.

அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. தன்னால் அவள் பயணமும் கெட வேண்டுமா? "நீ போயிட்டு வா அம்மணி. தேஜஸ்ரீயும் அங்க வாராளாமா. புள்ளையப் பாத்துட்டு வா" என்று வற்புறுத்தி, அவரே பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

பீளமேடு விமான நிலையத்தில் மொத்தக் கூட்டமும் கையசைத்தது. சமையல் மாஸ்டர் பெரிய கரண்டியைக் கைப்பையில் வைக்கக்கூடாது என்ற காவலர்களோடு தகராறு செய்துகொண்டிருந்தார். நசுருதீன் கூட்டத்தை மேய்த்துக்கொண்டு உள்ளே போனார். காளிச்சாமி திரும்பிப் பார்த்து, "மாமா, மடைய வுட்டு நகந்துபோடாதீங்க!" என்று கத்தினான்.

கிருபாசங்கருக்கு அழுகையே வந்துவிட்டது. கடல் போச்சு, படகு போச்சு, மயில்மீன் போச்சு. போதும் இந்த வெட்கம் என்று முடிவு செய்துகொண்டு வண்டியை நேரே கோட்டைமேட்டுக்கு விட்டார். டிராவல்ஸில் ரம்லா என்கிற பெண் மட்டும்தான் கணினியின் முன்னால் இருந்தாள்.

"அம்மணி, அடுத்த வருசத்துக்கு எனக்கு ஒரு டிக்கெட்டுப் போடு. மெக்சிகோ. மீன் புடிக்கறதுக்கு மட்டும். ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியப்படாது."

ரம்லா தட்டச்சு செய்யவில்லை. தயங்கித் தயங்கி அவரைப் பார்த்தாள். "இதையாச்சும் ரத்துப் பண்ண மாட்டீங்கல்லங்க சார்?"

"நான் எப்பம்மணி ரத்துப் பண்ணினேன்?"

"நீங்க இல்லீங்க சார், உங்க சம்சாரம். உங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஆவணி கழிச்சு மெக்சிகோவுல மீன்படகு போட்டு வெச்சிருந்தாங்க, செல்போன்ல மீன் வீடியோ பாக்கறது பத்தாதுன்னு தூக்கத்துல கூட நீங்க தூண்டில் இழுக்கறீங்களாமா. அப்பறமேலு ஒரு திங்கக்கெழம வந்து, 'அவருக்கு மீனக் கண்டாலே ஆகாதாமா கண்ணு, முருகன் மேலயே சத்தியம் பண்ணிப்போட்டாரு'ன்னு அழுதுட்டே வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."