ராப் பாட்டுக்கு மனு போட்டவர்

காரைக்காலில் ராப் பாட்டை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்த ஒரே மனிதர் மனு பாய்தான். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்ல நான் தயார். இதுவரை யாரும் என்னை மேடைக்குக் கூப்பிடாததால் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கலெக்டர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேஜை, ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டரோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். முதியோர் பென்ஷனோ, பட்டா மாற்றமோ, வாய்க்கால் தூர் வாருவதோ, வாயால் சொன்னால் போதும், பத்து நிமிஷத்தில் ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் போட்டு மனு கையில் வந்துவிடும். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி. காதில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பெரிய ஹெட்போன். அந்த ஒன்றைப் பார்த்துத்தான் புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள்.

நான் உள்ளே மாடியில், தபால் பிரிவில் இருந்தேன். மனுவை வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று இனிஷியல் வைத்துக் கொடுப்பது என் வேலை. இனிஷியல் இல்லாமல் பாய் நகரமாட்டார். இனிஷியலின் வால் சரியாக விழவில்லை என்று திரும்ப வந்து நின்ற நாளும் உண்டு. முதல் ஐந்து வருஷம் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்தான்.

ராப் அவரைப் பிடித்தது பிரான்ஸ் வழியாக. எங்கள் ஊரில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் ஒருவர் துபாயில் இருப்பார், இன்னொருவர் பாரீஸ் பக்கம் இருப்பார். அவருடைய அக்கா மகன் லீவில் வந்தவன், பூவத்திலிருந்து காரில் மாமாவை ஏற்றிக்கொண்டு வரும்போது பிரெஞ்சு ராப் ஒன்றைப் போட்டிருக்கிறான். இவன் என்ன இப்படி மூச்சு விடாமல் திட்டுகிறான் என்று பாய் கேட்க, பையன் மொழிபெயர்த்தானாம். அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் ரிப்பேர். பாடுகிறவனின் அம்மா எட்டாவது மாடிக்குக் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். ஆபீசில் சொல்லி ஆறு மாசம் ஆகிறது. பதில் இல்லை.

பாய் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாராம்.

“இது பாட்டு இல்ல மருமவனே, மனு. அனுப்புநர் இருக்கான், பெறுநர் இருக்கான், கோரிக்கை இருக்கு. தேதி ஒண்ணுதான் இல்ல.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது. உலகத்தில் மனுவைப் போல ராப் பாடுகிறவர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அவர்களையெல்லாம் தேடிப் பிடிப்பதே அவருக்கு வேலையாகப் போயிற்று. அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார். ஒரு பாட்டை மூன்று தடவை கேட்கவேண்டும். முதல் தடவை குறை என்ன என்று மட்டும். இரண்டாம் தடவை அதற்கு ஆதாரம் என்ன என்று. மூன்றாம் தடவைதான் தாளத்துக்கு. மேஜை மேல் இரண்டு ஃபைல். பச்சைக் கயிறு கட்டியது ‘ஏற்பு’. சிவப்புக் கயிறு ‘தள்ளுபடி’. கார், தங்கச் சங்கிலி, தன்னைப் போல் ஆம்பிளை இல்லை என்று பாடுகிறவர்கள் எல்லாரும் விசாரணையே இல்லாமல் சிவப்புக் கயிற்றுக்குப் போவார்கள். பதினைந்து லட்சம் பேர் பார்த்த பாட்டு ஒன்றை அப்படித் தள்ளியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். கோரிக்கை தெளிவாக இல்லை என்றார்.

மொழி அவருக்கு ஒரு தடையே இல்லை. சைக்கிளில் போர்வை விற்க வந்த வடநாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்து, ஒரு இந்தி ராப்பை வரிவரியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த மனுஷனுக்குத் தெரிந்த தமிழ் ‘டபுள் பெட், சிங்கிள் பெட்’ இரண்டும்தான். கையால் காட்டிக் காட்டி, ஒரு போர்வையைத் தரையில் விரித்து அதுதான் குடிசை என்று விளக்கி, இன்னொரு போர்வையை உருட்டி அதுதான் இடிக்க வந்த இயந்திரம் என்று விளக்கி, கடைசியில் சொன்னவருக்கே கண் கலங்கிவிட்டது. பாட்டு ஏற்கப்பட்டது. பாய் இரண்டு போர்வையும் வாங்கிக்கொண்டார், மே மாச வெயிலில்.

உள்ளூர்க்காரர்கள் என்றால் இன்னும் மோசம், நேரில் போய்ப் பார்த்துவிடுவார். தலத்தெருவில் ஒரு இளைஞர், தன் தெருக் குழாயில் தண்ணீரே வருவதில்லை என்று உருக்கமாக ஒரு ராப் போட்டிருந்தார். மறுநாள் காலை பாய் ஒரு குடத்தோடு போய் அந்தக் குழாயடியில் நின்றார். திறந்ததும் தண்ணீர் பீறிட்டுக் கைலி நனைந்துவிட்டது. நேரே அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

“தம்பி, கொழாயில தண்ணி வருது. பாட்டைத் திருத்துங்க.”

அது ஒரு கற்பனை என்று அந்த இளைஞர் சொல்லிப் பார்த்தார். கற்பனைக்கு மனு போடமுடியாது என்று பாய் சொல்லிவிட்டார். இளைஞர் கோபத்தில், அதே தெருச் சாக்கடையைப் பற்றி வேறு பாட்டு எழுதினார். பாய் மறுபடியும் போய், சாக்கடை ஓரம் மூக்கைப் பொத்திக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்று கேட்டு, ஏற்றுக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அது நல்ல பாட்டு.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஏற்ற பாட்டையெல்லாம் பாய் எனக்கு வாட்ஸப்பில் அனுப்ப ஆரம்பித்திருந்தார், ‘தங்கள் பார்வைக்கும் உரிய நடவடிக்கைக்கும்’ என்று குறிப்போடு. நான் வெள்ளிக்கிழமை அம்மன் பாட்டு கேட்டு வளர்ந்தவள். ஒன்றைக்கூடத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். ஒரு மத்தியானம் தவறிப்போய் விரல் பட்டுவிட்டது. கடல் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று ஒரு மீனவப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து எங்கள் கண்காணிப்பாளர் என் மேஜைக்கு வந்து, “ஏம்மா, முத்திரை குத்துறதுல ஏதோ தாளம் கேக்குதே” என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாய் ‘எட்டேகால்’ என்ற பாட்டைக் கண்டுபிடித்தார்.

அது ஒரு பெண் குரல். வீடியோவில் முகம் இல்லை. மாட்டுக் கொட்டகையும், அவ்வப்போது ஒரு வாலும் மட்டும் தெரியும். பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று காட்டியது. அதில் முப்பது தடவை பார்த்தது பாய்தான். குரும்பகரம் திருப்பத்தில் எட்டேகால் மணி பஸ், இலவச பாஸ் வைத்திருக்கும் மாணவிகளைக் கண்டால் நிற்காமல் போகிறது என்பதுதான் பாட்டு. மறுநாள் எட்டு மணிக்கே பாய் அந்தத் திருப்பத்தில் நின்றார். ஆறு பெண்கள் கை நீட்டினார்கள், பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அதில் ஒருத்தி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், பாட்டின் மூன்றாவது வரி. பாய்க்கு அது போதும்.

அவள் பெயர் சுகன்யா. முதல் வருஷம் படிக்கிறாள். முதல் மணி வகுப்பை விட்டு விட்டு, அட்டெண்டன்ஸ் குறைந்துபோய், இன்னும் குறைந்தால் பரீட்சை எழுதவிடமாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மனு போடலாம் என்றார் பாய். அவள் பயந்துவிட்டாள்.

“வேணாங்க பாய். நான் பாடுறது எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா போனும் போயிடும், காலேஜும் போயிடும்.”

பாய்க்குத் தர்மசங்கடம். பெயரில்லாத மொட்டை மனு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. அலுவலகமும் அதைக் குப்பையில்தான் போடும். கையெழுத்துப் போட்டால் பெண் மாட்டிக்கொள்வாள். மூன்று நாள் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் நாள் மனுவோடு என் மேஜைக்கு வந்தார். அனுப்புநர் இடத்தில் அவர் பெயர். அத்தனை வருஷத்தில் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் தன் பெயரில் போட்ட முதல் மனு அது. நான் படிக்காமலே முத்திரை குத்தினேன். படித்திருக்கவேண்டும்.

அடுத்த குறைதீர் நாளில், நான் மண்டப ஓரத்தில் முத்திரையோடு உட்கார்ந்திருக்க, பெரிய அதிகாரி அதைச் சத்தமாகப் படித்தார்.

“‘முதலாம் ஆண்டு மாணவியாகிய நான், பின்னல் பறக்கப் பேருந்தின் பின்னால் ஓடுகிறேன்.’” நிமிர்ந்து பார்த்தார். எதிரே தாடியும் தொப்பியுமாக மனு பாய். “பின்னல் எங்க பாய்?”

மண்டபமே சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை.

“சொன்னவங்க சொன்னபடிதாங்க எழுதுவேன். ஒரு எழுத்தக் கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். அது என் தொழிலுங்க.”

அப்படியானால் சொன்னவர் யார் என்று அதிகாரி கேட்டார். சொல்லமாட்டேன், கையெழுத்து என்னுடையது, கேள்வி இருந்தால் என்னைக் கேளுங்கள் என்றார் பாய். அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனாலும் பாதிக்கப்பட்டவர் யாரென்றே தெரியாத மனுவை அவர் என்ன செய்வார்? பேனாவை எடுத்தார். பாயின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஊர்ப் பாட்டையெல்லாம் தள்ளுபடி செய்தவர், தன் ஒரே மனு தள்ளுபடி ஆவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது என் பாட்டு சார்.”

கடைசி வரிசையிலிருந்து சுகன்யா எழுந்து நின்றாள். என்ன ஆகிறதென்று பார்க்கத் தோழிகளோடு வந்திருந்தாளாம். பாய் ஜாடையாக உட்கார் உட்கார் என்கிறார், அவள் உட்காரவில்லை. எங்கே, பாடிக் காட்டு பார்ப்போம் என்றார் அதிகாரி. அவள் ஆரம்பித்தாள். தாளம் இல்லாமல் முதல் வரியிலேயே குரல் தடுமாறியது.

என் கையில் முத்திரை இருந்தது. குத்தினேன். டக், டக்கடக். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

*எட்டேகால் பஸ்ஸு, எட்டிப்பாத்தா தூசு,*
*கையில இருக்குது கவர்மெண்டு பாசு,*
*கருவாட்டுக் கூடைக்கு நிக்குற வண்டி*
*காலேஜுப் புள்ளையப் போவுது தாண்டி!*

மனு கொடுக்க வந்த கூட்டம் மொத்தமும் கை தட்டியது. பென்ஷனுக்கு வந்த ஒரு அம்மா, தன் மருமகளைப் பற்றி ஒரு பாட்டு கட்டித் தரமுடியுமா என்று அங்கேயே கேட்டார். அதிகாரி மனுவில் என்னவோ எழுதினார், என்னவென்று எட்டிப்பார்க்க முடியவில்லை.

நம் ஊரில் செய்தி பஸ்ஸுக்கெல்லாம் காத்திருக்காது. சுகன்யா வீடு போய்ச் சேருமுன்பே போய்விட்டது. மறுநாள் காலை அவள் அப்பா, வயல் சேறு காயாத காலோடு, டி.வி.எஸ். வண்டியில் வந்து பாயின் மேஜை முன் இறங்கினார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனைப் பிடுங்கி வைத்துவிட்டதாகவும், நாளையிலிருந்து கல்லூரி கிடையாது என்றும், தன் பெண்ணைச் சபையில் பாடவைக்க நீ யார் என்றும் அவர் கத்தியது எனக்கு மாடிவரை கேட்டது.

பாய் எழுந்து, ஹெட்போனைக் கழற்றித் தன் சட்டையில் துடைத்தார்.

“மனுவப் படிக்காம தள்ளுபடி பண்ணக்கூடாதுங்க. மூணு தடவ கேளுங்க. அப்புறம் நீங்க சொல்றதுதான்.”

என்ன நினைத்தாரோ, மனுஷர் உட்கார்ந்தார். முதல் தடவை முறைத்துக்கொண்டே கேட்டார். இரண்டாம் தடவை தலையைக் குனிந்துகொண்டார். தினம் தினம் தன் மகள் பஸ்ஸின் பின்னால் ஓடியது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் வீட்டில் சொன்னதே இல்லை. மூன்றாம் தடவை அவருடைய வலது கால் லேசாக ஆடியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“எங்க வாய்க்கால்ல மூணு வருசமா ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு. நாலு மனு போட்டாச்சு. அத நம்ம பொண்ணு பாட்டுல சொல்லுமாங்க?”

பாய் கைலியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்லமுடியும் என்றார்.

மூன்று வாரத்தில் எட்டேகால் பஸ் நிற்க ஆரம்பித்தது. அதற்கான பதில் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ‘தங்கள் மனுவின் மீது’ என்று ஆரம்பிக்கவேண்டிய இடத்தில் ‘தங்கள் பாடலின் மீது’ என்று அடித்தேன். அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை வாங்கிய பாய் மூன்று தடவை படித்தார். பிறகு நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று இனிஷியல் வைத்து என்னைக் கேட்டார், “வால் சரியா விழுந்திருக்காம்மா?”

நான் ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆகிறது. சுகன்யாவின் பாட்டை இப்போது நாற்பதாயிரம் பேர் கேட்கிறார்கள். மாட்டு வாலை மட்டும் விடவில்லை. பாய் அதே வேப்பமரத்தடியில்தான் இருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கு, எங்கிருந்தோ தோண்டியெடுத்த ஒரு பாட்டு எனக்கு வந்துவிடும், ‘தங்கள் பார்வைக்கும் உரிய நடவடிக்கைக்கும்’. நானும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அனுப்பி இனிஷியல் வைப்பேன். போன வாரம் ஒரு நாள் ஏழு மணிவரை எதுவும் வரவில்லை. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல், செருப்பை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குக் கிளம்பிவிட்டேன்.