துப்பாக்கிக்காரரிடம் நான் பேசிய ஆங்கிலம்

சிலருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். எனக்குப் போன் அடித்தாலே வரும். தெரியாத எண் என்றால் கெட்ட செய்தி, தெரிந்த எண் என்றால் இன்னும் கெட்ட செய்தி என்று நம்புகிறவன் நான். (இதை வியாதி என்று சொல்ல எனக்குக் கூச்சம். கவனம் என்று சொல்லிக்கொள்வேன்.)

இப்படிப்பட்டவனுக்குத் தங்கையாகப் பிறந்த பேச்சியம்மாள், உலகத்தில் எங்கே சண்டை நடக்கிறதோ, எங்கே வெள்ளம் புகுகிறதோ அங்கே போய் ஜனங்களுக்கு எப்படி உதவுவது என்று படிக்க வெளிநாடு போனாள். முழு உதவித்தொகையோடு ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். "ஒத்தாசை பண்ணுறதுக்குக் கூடவா பிளேன் ஏறிப் போய்ப் படிக்கணும்?" என்று தெருவில் கேட்டார்கள். "எம்மவ பெரிய ஒத்தாசையா பண்ணப் போறா" என்று அம்மா சொல்லிச் சமாளித்தாள்.

நான் அப்போது ஒரகடத்தில் கார் பம்பர் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆபரேட்டர். இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பேரோடு ஓர் அறையில் வாசம். பேச்சியை விமானம் ஏற்றும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தினமும் காலையில் 'சாப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட வேண்டும். அவளுடைய காலை எனக்கு செகண்ட் ஷிஃப்ட் பஸ் ஏறுகிற நேரம். அந்த வார்த்தை வந்தால்தான் எனக்கு மதியச் சோறு இறங்கும்.

ஆரம்பத்தில் அவள் படிப்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கலங்கிய தண்ணீரைக் குடிக்கத் தகுந்ததாக்குவது, அகதி முகாமில் கழிப்பறையை எங்கே தோண்டுவது. அதுவரைக்கும் தாங்கினேன். ஒருநாள், ஆயுதத்தோடு ஆட்கள் வண்டியை மறித்தால் எப்படி நடந்துகொள்வது என்று வகுப்பு நடந்ததாகச் சொன்னாள். எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் படிப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை.

அன்றைக்குக் கம்பெனி பஸ் பென்னலூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. 'சாப்பிட்டேன்' இன்னும் வரவில்லை. போனைக் கையில் வைத்து முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போது பேச்சியிடமிருந்து அழைப்பே வந்தது. எடுத்தேன்.

முதலில் ஒரு வண்டி சடக்கென்று நிற்கும் சத்தம். கதவுகள் அடிபட்டன. ஆண்கள் நாலைந்து பேர் ஆங்கிலத்தில் கத்தினார்கள். 'டவுன், டவுன்' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு பட், பட், பட் என்று வெடிச்சத்தம். ஒரு பெண் அழுதாள். அதற்கு நடுவே என் தங்கையின் குரல் நடுங்கி நடுங்கி, தான் மாணவி, யாருக்கும் தீங்கு செய்ய வரவில்லை என்று ஆங்கிலத்தில் கெஞ்சியது.

'பேச்சி, பேச்சி' என்று கூப்பிடப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒரு நினைவு ஓடியது பாருங்கள், அந்த நினைவை இன்றைக்கும் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பக்கத்து சீட்டில் இருந்த பிரகாஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டான். பஸ் முழுக்க வெடிச்சத்தம் கேட்டது. டிரைவர் ஏழுமலை அண்ணன் கண்டெய்னர் லாரி ஒன்றின் பின்னால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னா தம்பி, யாரு அது?"

என் தங்கச்சி என்றேன். யாரோ நூறுக்கு அடிக்கச் சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷன் வெளிநாட்டு வழக்கை எடுக்காது, தூதரகத்துக்குத்தான் சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். தூதரகம் எந்த ஸ்டாப்பில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பின் சீட்டுப் பெண்கள் ஜெபம் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஏழுமலை அண்ணன்தான் தீர்மானமாகச் சொன்னார்: "போன் உன் கையில கீது. அவனுங்களும் கேட்டுகினுதான் இருப்பானுங்க. நீயே பேசு."

பேசினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையும் அந்த பம்பர் கம்பெனி கொடுத்தது. இன்டர்காமில் சூப்பர்வைசரிடம் பேசிப் பழகியது. அதனால் வாய் தானாக இப்படித்தான் ஆரம்பித்தது:

"குட் ஆஃப்டர்நூன் சார். லைன் டூ ஆபரேட்டர் இசக்கிமுத்து ஸ்பீக்கிங் சார்."

அந்தப் பக்கம் கத்தல் நின்றது. அதுவே எனக்கு ஒரு தைரியம்.

"நோ ஷூட்டிங் சார். தட் கேர்ள் மை சிஸ்டர். ஓ.கே. பீஸ் சார். நோ டிஃபெக்ட். ப்ளீஸ் டோண்ட் ரிஜெக்ட்."

(குறையில்லாமல் தேறிய பம்பரை எங்கள் லைனில் ஓ.கே. பீஸ் என்போம்.) அதற்குமேல் என்னிடம் ஆங்கிலம் குறைவாக இருந்தது, அழுகை அதிகமாக இருந்தது. இரண்டையும் கலந்து ஊற்றினேன்.

"சிஸ்டர் ரிலீஸ், சார். டேக் மீ. ஐ கம் நெக்ஸ்ட் ஷிஃப்ட். ஓ.டி. ஆல்சோ ஐ டூ, சார்."

(பிணைக்கைதி வேலைக்கு ஓவர்டைம் பார்க்கிறேன் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

பிறகு போன் உரசும் சத்தம். பிறகு பேச்சி, தெளிவாக, தமிழில்:

"அய்யோ, அண்ணே."

அடுத்து ஓர் ஆண் குரல். கத்திய குரல்களில் ஒன்றுதான், ஆனால் இப்போது பல் வைத்தியர் குரல்போல அவ்வளவு பதமாக இருந்தது. அவர் சொன்னதை பிரகாஷ் எனக்கு மொழிபெயர்த்தான். இது பல்கலைக்கழகத்தின் பயிற்சி, இடம் ஊருக்கு வெளியே ஒரு காடு, வெடித்தது பட்டாசு மாதிரியான ஒன்று. அவர் நிஜத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார், ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களுக்காகத் துப்பாக்கிக்காரராக நடிக்கிறார். இத்தனை காலத்தில் பிணைக்கைதிக்குப் பதிலாக வருகிறேன் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. ரொம்ப மன்னித்துவிடுங்கள் என்றார்.

நடந்தது இதுதான். பயிற்சிக்கு முன் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்களாம். 'சாப்பிட்டேன்' அனுப்பாவிட்டால் அண்ணன் செத்தே போவான் என்று பேச்சி தன்னுடையதை மட்டும் கால்சட்டைப் பையில் ஒளித்துவைத்திருக்கிறாள். குப்புறப் படுக்கச் சொன்னபோது உடம்பு அழுத்தி, அது எனக்கு அடித்து, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, பிள்ள?" என்றேன்.

"சொன்னா நீ பயப்படுவேன்னுதான் சொல்லல, அண்ணே."

பஸ்ஸில் யாரும் உடனே சிரிக்கவில்லை. ஏழுமலை அண்ணன் மட்டும், "அப்போ பொண்ணு நல்லாகீது?" என்று உறுதி செய்துகொண்டு போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஒரகடம் திரும்பும் வளைவு வந்ததும் பின் சீட்டில் ஒரு பெண் 'ஓ.டி. ஆல்சோ' என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான், கம்பெனி கேட் வரை பஸ் குலுங்கியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே சிரித்தேன், அல்லது சிரித்துக்கொண்டே அழுதேன்.

அத்தனை பேரும் தாமதம். காரணம் கேட்ட சூப்பர்வைசருக்கு ஏழுமலை அண்ணன் முழுக்க நடித்துக் காட்டினார், என் குரலிலேயே. அன்றிலிருந்து லைனில் பம்பர் ஒன்றை ஒதுக்கினால், யாராவது கைகூப்பி 'ப்ளீஸ் டோண்ட் ரிஜெக்ட், சார்' என்பார்கள். நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். எனக்கு முன்னால் கதை அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

பேச்சி படிப்பை முடித்துவிட்டாள். இப்போது நிஜமாகவே முகாம்களில் வேலை செய்கிறாள். அம்மாவுக்கு அந்த நாட்டின் பெயர் வாயில் நுழையாது, எனக்கு நெஞ்சில் நுழையாது. ஆனாலும் அழைக்கும்போதெல்லாம் வணக்கம், நலமா எதுவும் கிடையாது. எடுத்ததும், "அண்ணே, ஓ.கே. பீஸ் பேசுறேன்" என்பாள். நான் ஊரில் இருக்கும் நாட்களில் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் போனை வாங்கி, "ஓ.கே. பீஸாடி?" என்று கேட்பாள்.

நானும் சிரிப்பேன். மணி அடித்ததிலிருந்து அந்த இரண்டு வார்த்தை காதில் விழும்வரை நான் மூச்சு விடுவதில்லை என்பது மட்டும் பேச்சிக்குத் தெரியாது. தெரிந்தால் ஏழுமலை அண்ணன்போல அதையும் நடித்துக் காட்டிவிடுவாள்.